கடலடியில் காலை, மலையில் மறுநாள்
அத்தியாயம் 9: தோட்டப்பகுதியிலிருந்து கிழக்குக் கரைக்குச் சுழியோடப் போகிறவர்களுக்கு

மலைநாட்டிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வேன்கள் பெரும்பாலும் கோணேசர் கோயில், நிலாவெளியில் கடற்குளிப்பு, கன்னியா வெந்நீரூற்று என்று மூன்று இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். அந்தக் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களின் தொகை இப்போது கூடிவருகிறது. அவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

சுழியோடலின் பொது விதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். மலைநாட்டாருக்கென்று தனியாக இரண்டு விஷயம் உண்டு. எந்தக் கரையில் கடல் தெளிந்திருக்கிறது என்பதை உங்கள் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிடலாம். முழுகி எழுந்தபின் வீடு திரும்ப அவசரப்படக் கூடாது. முதலாவது வசதி, இரண்டாவது ஆபத்து. இரண்டுக்கும் காரணம் நீங்கள் இருக்கும் மலைதான்.

எந்த மாதம், எந்தக் கரை

இலங்கையைச் சுற்றியுள்ள கடல் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஹிக்கடுவை, உனவட்டுன, நீர்கொழும்பு, கற்பிட்டிப் பக்கம் கடல் கொந்தளித்துக் கலங்கிவிடும். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலையும் மட்டக்களப்பும் அமைதியாக இருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றின் முறை. அப்போது கிழக்கு மூடப்பட்டு மேற்கும் தெற்கும் திறக்கும்.

தேயிலையோடு வாழ்கிறவர்களுக்கு இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கம் மழை விடாமல் கொட்டி, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயில் காய்ந்தால் அது கிழக்குக் கரையின் காலம். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறும் ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் இவைதான். அந்த மணத்துக்குக் காரணமான காய்ந்த கச்சான் காற்று மலையைக் கடந்து இறங்கி, கிழக்குக் கடலைக் கரையோரமாக அமுக்கி வைத்திருக்கிறது. டிம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல தரம் கிடைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் ஹிக்கடுவைப் பக்கம் போகலாம். கொழுந்தின் பருவத்தையும் கடலின் பருவத்தையும் ஒரே காற்றுதான் நிர்ணயிக்கிறது.

பாடசாலை விடுமுறையை வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வரும். சித்திரை விடுமுறையில் கிழக்குக் கடல் திறக்கத் தொடங்கும். ஓகஸ்ட் விடுமுறை மிகப் பொருத்தமான காலம். டிசெம்பர் விடுமுறையில் கிழக்கை மறந்துவிடுங்கள்.

கச்சான் பற்றி ஓர் எச்சரிக்கை. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையில் நின்று பார்க்கையில் கடல் குளம்போலத் தெரியும். ஆனால் மிதவையிலோ காற்றடைத்த டியூபிலோ இருக்கிறவரை அது மெல்ல ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். பிற்பகலில் காற்று வலுக்கும். அதனால் காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் படகில் ஏறுவது நல்லது.

நிலாவெளியும் புறாமலையும்

முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்ற இடம் நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் உள்ள புறாத்தீவு. ஊரார் புறாமலை என்பார்கள். பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. நிர்வாகம் வனஜீவராசிகள் திணைக்களத்திடம். கரையில் நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு படகில் போக வேண்டும். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

பெரிய தீவைச் சுற்றி முருகைக்கற் பாறை ஆழமில்லாமலே தொடங்கிவிடுகிறது. சிலிண்டர் கட்டத் தெரியாதவர்களும் முகமூடியும் ஸ்நோர்கல் குழாயும் போட்டுக்கொண்டு, லைஃப் ஜெக்கட்டோடு மிதந்தபடியே பார்த்துவிடலாம். இங்கே சுமார் 100 வகை முருகைகளும் சுமார் 300 வகைப் பாறை மீன்களும் பதிவாகியுள்ளன. 1998இல் கடல் சூடாகி இலங்கையின் பல முருகைப் பாறைகள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. பிறகு வந்த பாதிப்புகளில் மனிதக் கால்களின் பங்கு பெரியது. தாழ்ந்த நீரில் நின்று இளைப்பாறுகிறவர் மிதிப்பது உயிருள்ள முருகையை. விரல் நீளம் வளர அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், ஒடிக்க ஒரு மிதி போதும். களைத்தால் மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள்.

கோணேசர் மலையடி

சுவாமி மலையின் உச்சியில் கோயில், பக்கத்தில் இராவணன் வெட்டு. அந்தப் பாறை அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோயிலை இடித்தபோது கற்கள் பல கடலில் விழுந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் இங்கே முழுகி, செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டார்கள். இன்றும் பாறைகளுக்கிடையே சதுரமாக வெட்டிய கற்களைக் காணலாம். மீன் பார்க்கப் போகிறவர் அவற்றைப் பாறை என்றே நினைத்துக் கடந்துவிடுவார், வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இங்கே நீரோட்டம் சில வேளை இழுக்கும். பாறையில் அலை மோதித் திரும்பும் இடமும் உண்டு. ஓரிரு முழுக்கு அனுபவம் உள்ளவர்களுக்கே இந்த இடம். எதையும் தொட்டுப் புரட்டவோ எடுத்துவரவோ கூடாது. தொல்பொருட்சட்டம் கடலடிக்கும் பொருந்தும்.

மட்டக்களப்பின் கப்பல்கள்

நுவரெலியாவிலிருந்து ஏ5 வீதியைப் பிடித்தால் வெலிமடைப் பக்கமாகப் பதுளை, பசறை, லுணுகலை, பிபிளை, மகாஓயா என்று இறங்கி, மட்டக்களப்புக்கு அருகே செங்கலடியில் போய் முடியும். மலையிலிருந்து கடலுக்கு ஒரே வீதி.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதலுக்குத் தப்பத் துறைமுகத்தை விட்டு வெளியேறி, பிறகு திரும்பிவந்துகொண்டிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டார்கள். விமானந்தாங்கிக் கப்பலாகவே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். ஹேர்மிஸைப் பார்க்கத் தொழில்நுட்பச் சுழியோடற் பயிற்சி வேண்டும். புதியவரை அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள்.

அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீற்றரில் கிடக்கிறது. மேம்பட்ட பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு இது போதும். கலவாய் மீன்கள் நிழலில் படுத்திருக்கும், பாரைக் கூட்டங்கள் இரும்பைச் சுற்றிச் சுழலும். கப்பலின் உட்பகுதிக்குள் நுழையாதீர்கள்.

கடலடியில் யாரைச் சந்திப்பீர்கள்

கறுப்புத் துடுப்புச் சுறா: புறாமலையின் தாழ்ந்த நீரிலேயே வரும். முழு வளர்ச்சியில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். மனிதரைக் கண்டால் விலகிப் போகும். துரத்தாமல், கையை ஆட்டாமல் ஒரே இடத்தில் மிதந்தால் வட்டமடித்து மீண்டும் வரும்.

கடலாமைகள்: அழுங்காமை, பேராமை, சிற்றாமை மூன்றும் வருவதுண்டு. மூச்சு வாங்க மேலே போகும் ஆமையின் வழியை மறிக்காதீர்கள்.

கிளாத்தி: கூட்டைக் காக்கும் பெரிய கிளாத்தி மீன் சுறாவைவிடத் தொல்லை தரும். பாய்ந்து கடிக்கும். அது தன் எல்லையாகக் கருதுவது கூட்டுக்கு நேர் மேலே உள்ள நீரையும் சேர்த்துத்தான். மேல்நோக்கித் தப்பினால் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்.

சிங்க மீனும் கல் மீனும்: முள்ளில் விஷம். ஒன்று அழகு, மற்றது கல்லோடு கல்லாகக் கிடப்பது. குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தியபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அஞ்சாளை: பொந்துக்குள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுவதாகத் தோன்றும், மூச்சு விடுகிறது. பொந்துக்குள் கையை விடாதவரை பயமில்லை.

இவற்றோடு கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், சிங்கி இறால், கணவாய், மணலில் புதைந்து கண்ணை மட்டும் காட்டும் திருக்கை. சில நாட்களில் சொறிமுட்டை மிதக்கும், அன்று முழுக்கை உடுப்பு உதவும். திருகோணமலைக்கு அப்பால் நீலத்திமிங்கிலமும் வருவதுண்டு. அதைப் படகிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் முழுக்குக்கு முன்

சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்றுநரின் கைப்பிடியில் 12 மீற்றருக்குள் ஓர் அறிமுக முழுக்கு போடலாம். அடிப்படைச் சான்றிதழுக்கு மூன்று நான்கு நாள் வேண்டும், அதோடு 18 மீற்றர் வரை போகலாம். அடுத்த நிலையில் 30 மீற்றர்.

மலைநாட்டாருக்கு வழக்கமான தடை சளி. பனியிலும் தூறலிலும் இருந்து இறங்கும்போது மூக்கடைப்போடு வந்து சேர்வது சாதாரணம். மூக்கு அடைத்திருந்தால் காதின் உள்ளழுத்தத்தைச் சமப்படுத்த முடியாது, இரண்டு மூன்று மீற்றரிலேயே காது தெறிக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் நடுவழியில் மருந்தின் வேகம் தணிந்து, மேலே வரும்போது சிக்கல். ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் முழுகக் கூடாது.

குளிர்ப் பிரதேசத்திலிருந்து வருகிறவர் திருகோணமலை வெயிலில் எவ்வளவு வியர்க்கிறோம் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. உடலில் நீர் குறைந்தால் பின்னே சொல்லப்போகும் நோய்க்கு அது வழிவிடும். தண்ணீரும் இளநீரும் நிறையக் குடியுங்கள். முதல்நாள் இரவுச் சாராயம் வேண்டாம்.

நீருக்குள் கைச் சைகைதான் மொழி. கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று பொருள். எல்லாம் சரி என்று சொல்லக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ஆமா, இல்லை, பார்க்கலாம் என்ற மூன்றுக்கும் நாம் ஆட்டும் தலையாட்டலை அங்கே விட்டுவிடுங்கள், பயிற்றுநருக்கு ஒன்றும் விளங்காது.

நிலையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா? ஒரு பயிற்றுநரோடு எத்தனை புதியவர்கள் இறங்குவார்கள்? விபத்து நடந்தால் எந்த அழுத்த அறைக்குக் கொண்டுபோவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அடுத்த நிலையத்தைப் பாருங்கள்.

மலை ஏறும் முன்

நிலாவெளிக் கடையில் ஒட்டிய முறுக்குப் பைக்கட் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நுவரெலியாவுக்குப் போங்கள். றம்பொடையைத் தாண்டும்போது எடுத்துப் பார்த்தால் அது வெடிக்கப்போவதுபோல உப்பியிருக்கும். உள்ளிருக்கும் காற்று அதேதான், வெளியழுத்தம்தான் குறைந்துவிட்டது.

ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. 18 மீற்றரில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல 2.8 மடங்கு. மெதுவாக மேலே வந்தபின்னும் கரைந்த நைதரசன் முழுதாக வெளியேறப் பல மணி நேரம் எடுக்கும். அது வெளியேறும் முன் சுற்றுப்புற அழுத்தம் இன்னும் குறைந்தால் நைதரசன் உடலுக்குள்ளேயே குமிழாகிவிடும். மூட்டுகளில், தோலில், முள்ளந்தண்டில் அந்தக் குமிழ்கள் செய்யும் சேதம்தான் அழுத்தத்தளர்வு நோய்.

முழுகியபின் விமானத்தில் ஏறாதே என்பது எல்லாச் சுழியோடிகளுக்கும் தெரிந்த விதி. விமான அறைக்குள் இருக்கும் அழுத்தம் அதிகம் போனால் சுமார் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமம். நுவரெலியா 1,868 மீற்றர். பட்டிப்பொல ரயில் நிலையம் 1,891. ஹோட்டன் சமவெளி 2,100க்கு மேல். அட்டன் கிட்டத்தட்ட 1,270. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உங்கள் பஸ் தரையில்தான் ஓடுகிறது, உடலைப் பொறுத்தவரை அதுவும் ஒரு விமானம்.

விமானப் பயணத்துக்கான பரவலான பரிந்துரை 600 மீற்றரிலிருந்து 2,400 மீற்றர் வரையான உயரத்துக்குச் சொல்லப்பட்டது. அதையே மலைப் பாதைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்:

- ஒரேயொரு முழுக்கு போட்டிருந்தால் குறைந்தது 12 மணி நேரம்.
- ஒரே நாளில் பல முழுக்கோ, தொடர்ந்து பல நாள் முழுக்கோ போட்டிருந்தால் குறைந்தது 18 மணி நேரம்.
- மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று வர வேண்டிய ஆழ முழுக்குக்கு 18 மணி நேரம் போதாது, அதைவிட நன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இவை குறைந்தபட்ச அளவுகள், முழு உத்தரவாதம் அல்ல. நினைவில் வைக்க எளிய வழி: கடைசி முழுக்குக்கும் மலையேற்றத்துக்கும் இடையே ஒரு முழு நாள், அதாவது 24 மணி நேரம்.

திருகோணமலையில் காலையில் முழுகி, மதியம் கண்டி பஸ்ஸைப் பிடித்து, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக வந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு அட்டன். லீவு கிடைக்காத தோட்ட உத்தியோகத்தரும் ஆசிரியரும் போடும் வழக்கமான கணக்கு அதுதான். ஒரே முழுக்கானாலும் அது விதிக்குள் அடங்காது. மட்டக்களப்பிலிருந்து ஏ5 வழியாக ஏறுகிறவர்களுக்குப் பதுளையே 600 மீற்றரைத் தாண்டிவிடும். பாசிக்குடாவில் முழுகிவிட்டு மறுநாள் எல்ல பார்க்கலாம், அன்றைக்கே கூடாது.

தென்மேற்குக் கரைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹிக்கடுவைச் சுழியோடற் காலமும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன. பகலில் கடலில் முழுகிவிட்டு அன்றிரவே நல்லதண்ணி வந்து 2,243 மீற்றர் மலையை ஏறுவது, ஏறும் களைப்பையும் சேர்த்து, மிக மோசமான சேர்க்கை. மலையை முதலில் ஏறுங்கள், கடலுக்குப் பிறகு போங்கள்.

ஸ்நோர்கல் மட்டும் போட்டவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அழுத்தப்பட்ட காற்றை அவர்கள் சுவாசிக்கவில்லை.

ஒரு மாதிரிப் பயணம்

முதல் நாள்: விடியற்காலையில் அட்டனை விட்டு, கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. மாலையில் நிலையத்தில் பதிவு, உடுப்பும் முகமூடியும் அளவு பார்த்தல். நேரத்தோடு தூக்கம்.

இரண்டாம் நாள்: காலையில் புறாமலைப் பக்கம் இரண்டு முழுக்கு. பத்தரைக்குள் கரை. பிற்பகல் ஓய்வு.

மூன்றாம் நாள்: முழுக்கு இல்லை. பிரடெரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் தரிசனம், பிறகு கன்னியா. முழுகிய அன்றே கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிக்கொள்வதைத் தவிர்ப்பதற்காகவே அதை இந்த நாளுக்கு வைத்திருக்கிறோம். சூடு குமிழ் உண்டாவதைத் தூண்டக்கூடும்.

நான்காம் நாள்: காலையில் புறப்பாடு. மலையடியை நெருங்கும்போது கடைசி முழுக்கு முடிந்து ஏறக்குறைய இரண்டு நாள்.

நான்கு நாள் லீவு கிடைக்காதவர்கள் மூன்றாம் நாளைத் தம்புள்ளையில் கழிக்கலாம். கண்டிவரை வந்து தங்கினாலும் சரி, அது சுமார் 500 மீற்றர்தான்.

வலி வந்தால்

அறிகுறிகள் பெரும்பாலும் முதல் நாளுக்குள் தோன்றும். தோளிலோ முழங்காலிலோ ஆழமான வலி, காரணமில்லாத களைப்பு, தோலில் அரிப்பும் திட்டுகளும், கைகால் மரத்தல், தலைச்சுற்று, சிறுநீர் போகாமை. சிலிண்டர் தூக்கிய வலி என்று எண்ணிச் சித்தாலேப பூசிக்கொண்டு படுத்துவிடுவது இங்கேதான் நடக்கும். முழுகி 24 மணி நேரத்துக்குள் வந்த எந்த வலியையும் முதலில் இந்த நோயாகவே கருதுங்கள்.

கடற்கரையில் இருந்தால் நிலையத்தை அழைத்து உடனே ஒட்சிசன் கொடுக்கச் சொல்லுங்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அழுத்த அறை உண்டு, அதற்கான ஏற்பாட்டை நிலையமும் ஆஸ்பத்திரியும் செய்யும். வழியில் இருந்தால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைக்கலாம். நாவலப்பிட்டியில் வலி தொடங்கினால் வீடு பக்கம்தானே என்று மேலே ஏறாதீர்கள். வண்டியைத் திருப்பிக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு இறங்குங்கள். ஏற்கனவே வீடு சேர்ந்துவிட்டால் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு, அட்டன் பக்கத்தவர் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு, உடனே போய் ஒட்சிசன் கேளுங்கள்.

எந்த ஆஸ்பத்திரியானாலும் உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் ஒன்றுதான்: இத்தனை மணிக்கு, இத்தனை மீற்றர் ஆழத்தில், இத்தனை முறை சிலிண்டரோடு முழுகினேன். மலைநாட்டு டொக்டர் ஒருவர் தானாக அதை ஊகிக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு முழுக்கின் நேரத்தையும் ஆழத்தையும் கரையேறியதும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.